ஒட்டிக் கொடுத்த கவர்

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினால், கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பெட்டியைத் திறந்து பார்ப்பவன் நான். பரோட்டா பார்சல் வாங்கினாலும் அப்படித்தான். சால்னா வைத்திருக்கிறார்களா என்று பையின் முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி முடிந்துகொள்வேன். ஊருக்குக் கார்கோ போடும்போது, டேப் ஒட்டி முடித்த பெட்டியை இன்னொரு தடவை பிரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். இதற்காகவே என் மனைவி என்னோடு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். "உங்களோட வந்தா என்னையும் சேத்துல்ல ஒரு மாதிரி பாக்குறாங்க" என்பாள்.

ஒன்பதாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. பயம் என்று சொல்வது மரியாதைக்காக. சந்தேகம் என்பதுதான் சரியான சொல். கீழக்கரைப் பக்கத்திலிருந்து கிளம்பி முதலில் சவூதியில் தம்மாம், அப்புறம் துபாய். இப்போது பர் துபாயில் ஒரு சேலைக் கடையில் நிற்கிறேன், குடியிருப்பது ஷார்ஜாவில். எங்களுக்கு ஒரே பெண். அவள் காலேஜ் மாறிய கோடையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

ஷார்ஜாவிலேயே ஒரு காலேஜில் மெடிக்கல் லேப் படிப்பில் சேர்த்திருந்தோம். முதல் வருடம் முடியப்போகும் நேரம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பாட்டில் கைவைக்கிறேன்.

"வாப்பா, நான் காலேஜ் மாறணும்."

கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். யார் என்ன சொன்னார்கள், எவன் பின்னால் வருகிறான், எந்த டீச்சர் திட்டினாள் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். ஒன்றும் இல்லாமல் யாராவது காலேஜ் மாறுவார்களா?

"ரெண்டு லெக்சரர் போயிட்டாங்க. புதுசா யாரையும் எடுக்கல. செகண்ட் இயர்ல ஹாஸ்பிடல் ட்ரெயினிங் இருக்கணும். எந்த ஹாஸ்பிடல்னு கேட்டா, 'வி வில் இன்ஃபார்ம் யூ'ங்கிறாங்க. ராஸ் அல் கைமால ஒரு காலேஜ் இருக்கு, அங்க ஹாஸ்பிடல் பக்கத்திலேயே. ட்ரான்ஸ்ஃபர் எடுக்குறாங்க."

அவள் போனபிறகு மனைவியைச் சமையலறையில் பிடித்தேன். இது பையன் விவகாரமாக இருக்குமோ என்றேன்.

"பையன் இருந்தா இருக்குற காலேஜ்லயே இருக்கேன்னு அழுவா. மாறணும்னு எதுக்குங்க கேக்கப் போறா?"

"அவன் அந்தக் காலேஜ்ல இருந்தா?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க மட்டும் போலீஸ்ல சேந்திருந்தா எத்தனை பேரு உள்ள போயிருப்பாங்க. நல்லவேளை, சேலை விக்கிறீங்க."

மாறுவது என்றால் சட்டையைக் கழற்றி இன்னொரு சட்டை போடுவதுபோல என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ராஸ் அல் கைமா காலேஜ் வருடத்தில் இரண்டு முறை ஆள் எடுக்கிறது, செப்டம்பரிலும் ஜனவரியிலும். ஆனால் ஹாஸ்பிடல் ட்ரெயினிங் செப்டம்பரில் மட்டும்தான் ஆரம்பம். ஜனவரியில் சேர்ந்தால் அடுத்த செப்டம்பர் வரை சும்மா உட்கார வேண்டும். பேசாமல் இங்கேயே மூன்றாவது செமஸ்டரைப் படித்துவிட்டுப் போகலாமே என்றால், முதல் இரண்டு செமஸ்டர் பாடங்களைத்தான் அவர்கள் கணக்கில் எடுப்பார்களாம். மூன்றாவதைத் திரும்பப் படிக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இந்தச் செப்டம்பரைத் தவறவிட்டால் என் மகளுக்கு ஒரு வருடம் போச்சு.

நான் திருச்சியில் ஒரு காலேஜையும் சேர்த்துக்கொண்டேன். ஒன்று கவிழ்ந்தால் ஒன்று இருக்கட்டும். ஆனால் அங்கே நேராக இரண்டாம் வருடத்தில் சேர்வதற்கான கதவு கோடை தொடக்கத்திலேயே மூடிவிடும். இங்கே மார்க் வருவதோ அதற்கு அப்புறம். இந்த இரண்டு ஊர்க்காரர்களும் பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்களோ என்றுகூட எனக்குத் தோன்றியது. மனைவி மளிகைக் கடைக் காலண்டரை அடுப்பங்கரையில் மாட்டி, ராஸ் அல் கைமாவின் கடைசித் தேதிக்குப் பச்சை, திருச்சிக்குச் சிவப்பு என்று வட்டம் போட்டாள். சிவப்பு வட்டம் முதலில் கடந்து போனது. மிஞ்சியது பச்சை ஒன்றுதான். அது ஒரு வெள்ளிக்கிழமை.

அடுத்த சிக்கலை நான்தான் உண்டாக்கினேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

இங்கே வேலை மாறுகிற எவனையும் கேட்டுப் பாருங்கள். புது விசா கையில் வரும்வரை பழைய முதலாளி காதுக்குச் செய்தி போகக் கூடாது. ரூமில்கூடச் சொல்லக் கூடாது. ஊரில் இருக்கும் அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. அவள் துஆ கேட்கிறேன் என்று நாலு பேரிடம் சொல்லிவிடுவாள். இது யாரும் எழுதிவைக்காத சட்டம். இதை மீறினவன் என்ன ஆனான் என்று நான் தம்மாமில் கண்ணால் பார்த்தேன்.

அங்கே என் ரூமில் ஒரு புதுக்கோட்டைக்காரர் இருந்தார். எலெக்ட்ரிக் சாமான் கடையில் வேலை. ஜித்தாவில் ஷரஃபியா பக்கம் அவருக்கு நல்ல வேலை ஒன்று வந்தது. மனுஷன் நேர்மையானவர். நேராகக் கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம் போய், வேறு வேலைக்குப் போக ரிலீஸ் கொடுங்கள் என்று கேட்டுவிட்டார். அந்த அரபி சிரித்தாராம். டீ கொடுத்தாராம். இரண்டு நாளில் ஒரு கவரை ஒட்டிக் கையில் கொடுத்து, பாஸ்போர்ட் ஆபீசில் நீயே கொண்டுபோய்க் கொடு, கலாஸ், வேலை முடிந்தது என்றாராம். நண்பர் அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டார். கவர் மடங்கக் கூடாது என்று ஒரு அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார். ஆபீசில் பிரித்தார்கள். உள்ளே இருந்தது ரிலீஸ் இல்லை, எக்ஸிட். தன்னை ஊருக்கு அனுப்பும் காகிதத்தைத் தானே பஸ்ஸுக்குக் காசு கொடுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். பெட்டி கட்டும்போது அவர் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "பாய், அட்டைக்குள்ள வச்சில்ல கொண்டுபோனேன்."

அதனால் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். புதுக் காலேஜ் இடம் கொடுத்தேன் என்று எழுதித் தரும்வரை பழைய காலேஜில் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"வாப்பா, அவங்க கஃபீல் இல்ல. காலேஜ்."

"ஃபீஸ் வாங்குறாங்கள்ல? போறோம்னு தெரிஞ்சா மார்க்குல கை வைக்க மாட்டாங்களா?"

"இங்க வாங்குன மார்க்கோட ட்ரான்ஸ்கிரிப்டைக் குடுத்தாதான் அங்க அட்மிஷனே கன்ஃபார்ம் ஆகும். அத இவங்கதான் தரணும்."

"அதெப்படி? புதுக் கஃபீல் போயி, பழைய கஃபீல்ட்ட, 'இந்த ஆளு எப்படி'ன்னு எழுதி வாங்கிட்டு வான்னு சொல்றானா? அதுலயே தெரியலையா, ரெண்டு பேரும் ஒண்ணுன்னு?"

மகள் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். மனைவி உள்ளேயிருந்து, "அவருகிட்ட இங்கிலீஷ்ல பேசு புள்ள, கொஞ்சம் அடங்குவாரு" என்றாள்.

பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கும் அதிராம்பட்டினத்துப் பெண்ணிடம்கூட மூச்சு விடக் கூடாது என்று மனைவிக்கும் உத்தரவு போட்டேன். அவள் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அந்தப் பெண் அடுத்த வாரம் லிஃப்டில் என்னைப் பார்த்து, அண்ணன் முறை வைத்து, "புள்ளக்கி ராசல்கைமா கிடைச்சிருச்சா காக்கா?" என்று கேட்டாள்.

கோடை இப்படியே போனது. காலண்டரில் பச்சை வட்டம் நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ராஸ் அல் கைமாவிலிருந்து மெயில் வந்தது. இடம் இருக்கிறது, ட்ரான்ஸ்கிரிப்டின் அசல், காலேஜ் ஒட்டி முத்திரை வைத்த கவரில், கடைசித் தேதிக்குள் நேரில் வர வேண்டும். நான் அந்த மெயிலைக் கடைக்கு எடுத்துப்போய், எங்கள் கணக்கரிடம் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இடம் என்று எழுதியிருக்கிறதா, பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறதா? இடம்தான் என்றார். அதற்குப் பிறகுதான் பழைய காலேஜில் கேட்கச் சம்மதித்தேன்.

ஃபீஸ் கட்டியவன் என்பதால் நானும் வந்து ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அது கடைசித் தேதிக்கு முந்தைய வாரம், ஒரு காலை. ஆபீசில் இருந்தது ஒரு மலையாளிப் பெண். நான் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே பேசினாள். எனக்கு அந்த அரபியின் டீ ஞாபகம் வந்தது.

"மோள் நல்லாப் படிக்கும் குட்டி, இக்கா. போறது எங்களுக்குத்தான் நஷ்டம்."

நஷ்டம் என்று அவளே சொல்கிறாள். நஷ்டத்தைச் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொள்கிற ஒரு வியாபாரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

கவரை என் கையில் கொடுத்தாள். வெள்ளைக் கவர். ஒட்டிய வாயின் மேல் முத்திரை, முத்திரையின் மேல் கையெழுத்து. "இதைப் பிரிக்கக் கூடாது, கேட்டோ" என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்.

மகள் லைப்ரரியில் புத்தகம் திருப்பிக் கொடுத்து வருகிறேன் என்று போனாள். கீழே வராந்தாவில் ஒரு பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். மடியில் கவர். வெயில் கண்ணாடிக்கு வெளியே நின்றது. ஐந்து நிமிட வேலை என்று போனவள் வரவில்லை. இவ்வளவு நேரம் லைப்ரரியில் யாரோடு பேசுகிறாள்? அந்த யோசனை ஒரு பக்கம். மடியில் இருப்பது இன்னொரு பக்கம்.

என் மகளைப் பற்றி எழுதியது, என் காசில் எழுதியது, நான் கொண்டுபோகப் போவது. நான் மட்டும் பார்க்கக் கூடாது. நல்லது எழுதியிருந்தால் இத்தனை காவல் எதற்கு? புதுக்கோட்டைக்காரர் இஸ்திரிச் சட்டையோடு என் கண்முன்னால் நின்றார்.

முத்திரை இல்லாத ஓரமாகப் பார்த்து, மெதுவாக, சேலையில் ஒட்டிய லேபிளை நூல் இழுபடாமல் உரிப்பதுபோல உரித்தேன். அது எனக்குக் கைவந்த வேலை. உள்ளே இரண்டு தாள். பாடம், மார்க், பாடம், மார்க். கீழே ஒரு வரி. அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நடத்தை நன்று. அவ்வளவுதான். தாளைத் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. கெமிஸ்ட்ரியில் மார்க் ரொம்பக் குறைவு. வீட்டில் அவள் சொன்ன மார்க் அது இல்லை.

தாளை உள்ளே வைத்து, கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். மகள் வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. "நீங்களே வச்சிக்கங்க வாப்பா, உங்ககிட்ட இருந்தாதான் பத்திரம்" என்றாள். மாலையில் கடையில் விலைச்சீட்டு ஒட்டும் பசையை எடுத்து, கவுன்டரில் வைத்தே ஒட்டி, பட்டுச் சேலைக் கட்டு ஒன்றின் அடியில் வைத்து அழுத்தினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தபோது, பிரித்த எனக்கே பிரித்த இடம் தெரியவில்லை.

அந்த ஒரு வாரம் நான் பட்டதை யாரிடம் சொல்ல? கெமிஸ்ட்ரியைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்டால் எப்படித் தெரியும் என்பாள். சாப்பிடும்போதெல்லாம் அந்த எண் வாய்வரை வந்து திரும்பிப் போனது. "கெமிஸ்ட்ரி கஷ்டமான பாடமோ?" என்று ஒரு தடவை பொதுவாகக் கேட்டேன். "ஏன் வாப்பா?" என்றாள். "சும்மா" என்றேன்.

அவள் வியாழக்கிழமையே போய்க் கொடுத்துவிடலாம் என்றாள். எனக்குக் கடையில் லீவு இல்லை. அவளைத் தனியாக அனுப்பவும் மனம் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் கடை கிடையாது, ஜும்ஆவுக்கு அப்புறம்தான் திறப்பார்கள். அதனால் கடைசி நாளான அந்த வெள்ளியன்றே ஷார்ஜாவின் ஜுபைல் பஸ் ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேரும் ராஸ் அல் கைமா பஸ் ஏறினோம். கவர் என் சட்டைக்குள் இருந்தது. அட்டைக்குள் வைக்கவில்லை.

கவுன்டரில் ஒரு ஃபிலிப்பினோப் பெண். பன்னிரண்டு மணிவரைதான் ஆபீஸ் என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தது. நான் கவரை இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் வாங்கினாள். முத்திரையைப் பார்த்தாள். ஓரத்தில் விரலை ஓட்டினாள். ஓட்டிய விரல் நின்றது. நகத்தால் எதையோ பிடித்து இழுத்தாள். ஒட்டிய ஓரத்துக்குள்ளிருந்து ஒரு ஜரிகை இழை வந்தது. தங்க நிறத்தில், ஒரு விரல் நீளத்துக்கு.

"சார், வாட் இஸ் திஸ்?"

"டிசைன், மேடம்" என்றேன். எனக்கே கேட்க முடியாத குரலில்.

"சார், திஸ் இஸ் ஓப்பன்டு."

"நோ, நோ. ஹாட் வெதர். கம் மெல்ட்."

அவள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். பிரித்த கவரை எடுக்க முடியாது, புதிதாக ஒன்று பன்னிரண்டு மணிக்குள் கொண்டுவாருங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை முழு லீவு. அந்த மலையாளிப் பெண்ணின் மேஜை திங்கட்கிழமைதான் திறக்கும். இந்த ஊருக்கு ஒரு லீவு, அந்த ஊருக்கு ஒரு லீவு என்று ஏற்பாடு செய்தவர்களை மனதுக்குள் திட்டப் பார்த்தேன். வரவில்லை. என் மகளின் ஒரு வருடம் கவுன்டர் மேல் ஒரு ஜரிகை இழையாகக் கிடந்தது. நான் திரும்பி அவளைப் பார்க்கவில்லை.

ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. மகள் எனக்குப் பக்கத்தில் கையை நீட்டி, பையிலிருந்து ஒரு வெள்ளைக் கவரை எடுத்து வைத்தாள். அதே முத்திரை. அதே கையெழுத்து. அந்தப் பெண் விரலை ஓட்டிப் பார்த்தாள், தலையசைத்தாள், கத்தரியால் தானே பிரித்தாள், தேதி போட்டு முத்திரை குத்தினாள். செப்டம்பர் என்று அவள் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

வெளியே வந்து நிழல் பார்த்து நின்றபிறகுதான் கேட்டேன். "இது எப்ப வாங்குனே?"

"லைப்ரரிக்குப் போறேன்னு போனேன்ல? மேல போயி இன்னொண்ணு கேட்டேன். அந்த ஆன்ட்டி எதுக்குன்னு கேட்டாங்க. வாப்பாவுக்கு ஒண்ணு, காலேஜுக்கு ஒண்ணுன்னேன்."

"நான் பிரிப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பரோட்டா பார்சலையே பிரிக்கிறீங்க."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மனைவி போன் செய்தாள். சேர்த்துக்கொண்டார்களா என்று கேட்கவில்லை. "பிரிச்சிருந்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். ஆக, அவளுக்கும் தெரியும். ஒரு வாரமாக இரண்டு பேரும் ஒன்றும் தெரியாததுபோல எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். அந்தத் திறமை என்னிடமிருந்து அவர்களுக்குப் போகவில்லை என்று எப்படிச் சொல்வது?

பாதி வழியில், ஜன்னலைப் பார்த்தபடியே மகள் சொன்னாள். "கெமிஸ்ட்ரி பத்தி இப்பக் கேக்கலாம் வாப்பா."

நான் கேட்டேன். பரீட்சை அன்றைக்குக் காய்ச்சல் என்றாள். காய்ச்சல் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிரித்தது தப்பு என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். தம்மாமில் ஒருவர் பிரித்திருந்தால் ஊருக்குப் போயிருக்க மாட்டார். என் மகள் இப்போது ராஸ் அல் கைமாவில் ஹாஸ்டலில் இருக்கிறாள். ட்ரெயினிங் போகிறாள், ரத்தம் எடுக்கிறாளாம். ஷார்ஜா காலேஜில் அவள் இருந்த பிரிவைச் சத்தமில்லாமல் மூடிவிட்டதாகக் கேள்வி. அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மலையாளிப் பெண்ணை நினைத்துக் கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்தது.

பிரித்த கவரை வீசவில்லை. ஜரிகை இழையையும் அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மகள் வாரக் கடைசியில் வரும்போது, பத்திரமாக வைத்திருங்கள் என்று சில காகிதங்களை என்னிடம் தருகிறாள். வாங்கி அலமாரியில் வைக்கிறேன். இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை.